பதினைந்து நொடியும் ஐந்து நொடியும்

"கை கழுவினியா?"

ஒரே வாரத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் நான்கு முறை கேட்டார் எங்கள் ஆய்வகத்துப் பேராசிரியர். நான்கு முறையும் நான் கிளவுஸ் மாட்டியிருந்தேன். கிளவுஸுக்குள் இருந்த கை அன்று காலையிலிருந்து ஆறு தடவை சோப்பு பார்த்திருந்தது. அது அவருக்கும் தெரியும். கை கழுவும் சிங்க் அவருடைய அறைக் கண்ணாடிக்கு நேர் எதிரே இருக்கிறது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். அம்மா தியாகதுருகம் பக்கத்து வயல்களில் நடவுக்கும் களைக்கும் போகிறவர். கை கழுவினாயா என்று என்னைக் கேட்பது புதிதல்ல. பள்ளியில் சத்துணவு வரிசையில் கேட்டிருக்கிறார்கள். எனக்கு முன்னால் நின்றவனையும் பின்னால் நின்றவனையும் விட்டுவிட்டு என்னை மட்டும் கேட்டிருக்கிறார்கள். எம்.எஸ்சி. முடித்து, வெள்ளைக் கோட்டு போட்டு, கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் புராஜெக்ட் உதவியாளராக உட்கார்ந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விட்டுப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. மூன்றாவது மாடிக்கு என்னோடு படியேறி வந்திருந்தது.

நான் வேலை பார்த்த மிஷினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கிற மிஷின். சின்ன பீரோ அளவு இருக்கும். உள்ளே தலைமுடியைப் போல ஒல்லியான கண்ணாடிக் குழாய்கள் நான்கு. அவற்றுக்குள் பிசின் போன்ற பாலிமரை நிரப்பி, ஒரு முனையைச் சாம்பிளில் முக்கி மின்சாரம் கொடுத்தால், டி.என்.ஏ. துண்டுகள் குழாய்க்குள் இழுபடும். சின்னத் துண்டு முந்தும், பெரியது பிந்தும். குழாயின் மறுமுனைக்குப் பக்கத்தில் ஒரு லேசர் காத்திருக்கும். துண்டுகளில் முன்கூட்டியே ஒட்டிவைத்த சாயம் அதைக் கடக்கும்போது மின்னும். அந்த மின்னலைக் கம்ப்யூட்டர் ஒரு கூம்பாக வரையும். நாங்கள் அதைப் பீக் என்போம். பீக் எந்த இடத்தில் நிற்கிறது என்பது துண்டின் நீளத்தைச் சொல்லும். எவ்வளவு உயரம் என்பது அந்த நீளத்துத் துண்டு எவ்வளவு உள்ளே வந்தது என்பதைச் சொல்லும். மிஷின் சொல்வது இந்த இரண்டு சங்கதிதான். மீதி எல்லாம் மனிதர்கள் சொல்வது.

புராஜெக்ட் கல்வராயன் மலைச் சாமையைப் பற்றியது. மலையில் ஒரு சிற்றூர்க்காரர்கள், தாங்கள் விதைக்கும் சாமையைத் தங்கள் ஊர்ச் சாமை என்று பதிவு செய்துதரச் சொல்லி மனுப் போட்டிருந்தார்கள். பதிவு செய்ய வேண்டுமானால் அது வேறு சாமையிலிருந்து வேறுபட்டது என்று காட்டும் டி.என்.ஏ. அறிக்கை ஒன்று மனுவோடு போக வேண்டும். அந்த அறிக்கை எங்கள் ஆய்வகத்தின் பொறுப்பு. சாம்பிள் எடுக்க என்னை அனுப்பினார்கள்.

வெள்ளிமலை வரை பஸ். அங்கிருந்து ஜீப். ஜீப் போகாத இடத்தில் அரை மணி நேரம் நடை. அந்த ஊர் மகளிர் குழுவின் தலைவி எனக்காகக் காத்திருந்தார். என் அம்மாவைவிட வயதில் சின்னவர், அதனால் அக்கா என்று கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே என் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா தம்பி, எங்க சாமைக்கு ரத்தம் எடுக்க வந்துக்கிறியா? ஊசி எல்லாம் கொண்டாந்தியா?"

"ஊசி இல்லக்கா. ரெண்டு பிடி விதை குடுத்தா போதும்."

"அதுலேயே தெரிஞ்சிடுமா?"

"மிஷின் சொல்லிடும்க்கா."

அவர் மனு எதற்கென்றும் சொன்னார். வேளாண்மை ஆபீசிலிருந்து பாக்கெட்டில் வரும் விதையைப் போட்டால்தான் அவர்கள் விளைச்சலைக் கொள்முதல் திட்டத்தில் எடுத்துக்கொள்வார்களாம். சொந்தச் சாமையைப் போட்டால், இது என்ன ரகம், பேர் இல்லாத ரகம் என்று திருப்பிவிடுகிறார்களாம். "பாக்கெட்டுது ஒரு வருசம் நல்லா வந்துச்சி. மறுவருசம் மழை ஏமாத்திச்சி, அதுவும் ஏமாத்திட்ச்சி. எங்களுது அப்படிப் பூராவும் ஏமாத்தாது. எங்க ஊர் பேரப் போட்டு ஒரு பேப்பர் குடுத்துட்டீங்கன்னா, எங்க விதையவே போட்டுக்கினு நாங்க பாட்டுக்கு இருப்போம்."

அவர் ஒரு சுரைக்குடுக்கையிலிருந்து விதையைச் சரித்து என் கவரில் போட்டார். நான் படிவத்தை எடுத்தேன். பயிரின் பெயர், நிலத்தின் வகை, விதைக்கும் மாதம் என்று கட்டங்கள். கடைசியில் 'விதையின் மூலம்' என்று ஒரு கட்டம். கீழே ஜீப்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். விதை அவர் வீட்டுக் குடுக்கையிலிருந்துதானே வந்தது? 'சொந்த விதை' என்று நானே எழுதிவிட்டு இறங்கி ஓடினேன். அவரைக் கேட்கவில்லை. கேட்க அரை நிமிடம் ஆகியிருக்கும்.

ஆய்வகத்தில் விதைகளை முளைக்கவைத்து, பத்து நாற்றுகளின் இலையை ஒன்றாக அரைத்து டி.என்.ஏ. எடுத்து, அதில் ரகத்துக்கு ரகம் நீளம் மாறும் ஒரு துண்டை மட்டும் பெருக்கிச் சாயம் ஏற்றினேன். ஒரு ரகத்துக்குப் பத்து நாற்று, ஒரு குழாய். அதுதான் எங்கள் ஆய்வக வழக்கம். ஒப்பிட்டுப் பார்க்க ஆபீஸ் பாக்கெட் சாமையையும் அதே நாளில், அதே போல் எடுத்தேன். மிஷினோடு வந்த புத்தகத்தில் சொல்லியிருந்தபடி ஆயிரத்து அறுநூறு வோல்ட்டில் பதினைந்து நொடி சாம்பிளை இழுக்கவிட்டேன்.

பாக்கெட் சாமை ஒரே ஒரு பீக் கொடுத்தது. நேராக, தனியாக, கோயில் கோபுரம் மாதிரி நின்றது. மலைச் சாமைக்கு ஐந்து பீக். ஒன்று உயரம், பாக்கெட் சாமையின் பீக் நின்ற அதே இடத்தில். மற்ற நான்கும் அதற்கு இரண்டு பக்கமும் குட்டையாக நின்றன.

பேராசிரியர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

"என்னப்பா இது, கூட்டமா இருக்கு?"

"தெரியல சார். திரும்பப் பண்றேன்."

"கன்டாமினேஷன். வேற எதுவோ கலந்திருக்கு. கை கழுவினியா?"

ஆய்வகத்தில் ஆறு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

திரும்பப் பண்ணினேன். புது நாற்று, புதுக் குழாய்கள், புதுப் பெட்டிக் கிளவுஸ். ஐந்து பீக். கை கழுவினியா? மேசையை ஸ்பிரிட்டால் துடைத்தேன், பிப்பெட்டுகளைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தேன், தண்ணீரை மாற்றினேன். ஐந்து பீக். கை கழுவினியா? நான்காவது முறை கேட்டபோது, "இவங்களுக்கு எல்லாம் பழக்கத்துல வரணும்பா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சேர்த்துச் சொன்னார். இவங்களுக்கு என்றால் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இப்போது இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

இதில் எனக்கு மிகவும் ஆத்திரம் வருவது ஒரு விஷயத்துக்கு. பாக்கெட் சாமையை அரைத்ததும் அதே கைதான். அதே நாள், அதே தண்ணீர், அதே மேசை. என் கை அழுக்கென்றால் அந்தச் சாம்பிளிலும் அழுக்கு தெரிந்திருக்க வேண்டும். அது பளிங்கு மாதிரி வந்திருந்தது. பத்தாம் வகுப்பு மாணவன்கூடக் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. முப்பது வருடம் பாடம் நடத்திய பேராசிரியர் கேட்கவில்லை. அவரை விடுங்கள். நானே கேட்கவில்லை. என் கையைப் பற்றிச் சந்தேகம் வந்ததும், ஊரோடு சேர்ந்து நானும் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சீனியர் இருந்தார். திருக்கோவிலூர்க்காரர், முனைவர் பட்டத்துக்கு ஐந்தாவது வருடமாகப் படித்துக்கொண்டிருந்தார். அவர்தான் வழி சொன்னார்.

"டேய், இன்னாத்துக்கு இப்டிக் கையத் தேச்சிக்கினே கீற? தோலு உரிஞ்சிடப் போவுது. கண்டிஷன மாத்துடா."

"எப்படி சார்?"

"சாம்பிளத் தண்ணியாக்கு. இழுக்கற நேரத்தக் கம்மி பண்ணு. பெருசு நிக்கும், சில்லற எல்லாம் காணாமப் போய்டும். எல்லாரும் பண்றதுதான். பேரு இன்னா தெரியுமா? ஆப்டிமைசேஷன்."

அடுத்த மூன்று வாரம் நான் உண்மையாகவே வேலை கற்றுக்கொண்டேன். அதை மறைக்க மாட்டேன். டி.என்.ஏ. இழைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைக்கிற ஃபார்மமைடு என்ற திரவத்தை, பாட்டிலோடு எடுத்து உருகவைத்து உறையவைத்துக் கெடுத்துக்கொண்டிருந்தோம். அதைச் சின்னக் குழாய்களில் பங்கு பிரித்து, ஒரு நாளைக்கு ஒன்று என்று எடுத்தேன். சாம்பிளில் துளி உப்பு இருந்தாலும் டி.என்.ஏ.வை முந்திக்கொண்டு உப்பு உள்ளே நுழைந்துவிடும், பீக் எல்லாம் சூம்பிவிடும் என்று கண்டுபிடித்தேன். ஏ.சி. நின்ற நாளிலும் ஓடிய நாளிலும் ஒரே துண்டு அரைப் புள்ளி தள்ளி நிற்கும் என்று பார்த்து, அறையின் வெப்பத்தை ஒரு நோட்டில் குறித்துவைத்தேன். ஒவ்வொரு சாம்பிளோடும் நீளம் தெரிந்த அளவுகோல் துண்டுகளைச் சேர்த்து ஓட்டுவது எதற்கென்று அப்போதுதான் புத்தியில் உறைத்தது. மிஷினோடு பேசப் பழகிவிட்ட மாதிரி இருந்தது. காலையில் போய் மூடியைத் திறக்கும்போது சந்தோஷமாகவே இருக்கும்.

ஆனால் அவ்வளவும் எதற்காகச் செய்தேன்? சாமைக்காக இல்லை. என் கைக்கு நற்சான்று வாங்குவதற்காக.

பத்துக்கு ஒரு பங்கு தண்ணியாக்கினேன், நான்கு குட்டை பீக்கும் இன்னும் குட்டையாயின. ஐம்பதுக்கு ஒரு பங்கு, இரண்டு மறைந்தன. வோல்ட்டை ஆயிரத்து இருநூறுக்கு இறக்கினேன். பதினைந்து நொடியைப் பத்தாக்கினேன், பிறகு ஐந்தாக்கினேன். இந்த உயரத்துக்குக் கீழே இருப்பதை எல்லாம் இரைச்சல் என்று எடுத்துக்கொள் என்று கம்ப்யூட்டருக்கும் சொல்லிவைத்தேன். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், மலைச் சாமைக்கு ஒரே ஒரு பீக் வந்தது. நேராக, தனியாக.

பேராசிரியர் பார்த்தார். என் முதுகில் தட்டினார். "வெரி குட். இப்பத்தான்யா கை சுத்தமாச்சு." ஆறு பேரும் கேட்கும்படிதான் சொன்னார்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டேன். "இன்னைக்கு சார் என்னைப் பாராட்டினார்மா. கை சுத்தம்னு சொன்னார்."

அம்மா கேட்டார்: "ஏன்டா, இத்தினி நாளா இன்னா, அழுக்காவா இருந்துச்சி?"

நான் சிரித்து மழுப்பினேன். அறிக்கை போய்விட்டது.

ஒன்றரை மாதம் கழித்துப் பதிவு ஆபீசிலிருந்து பதில் வந்தது. குறிப்பிட்ட ஊரின் சாமை ஏற்கெனவே வெளியிடப்பட்ட ரகத்திலிருந்து வேறுபடவில்லை, ஆகவே மனு முடித்துவைக்கப்படுகிறது, மறுபரிசீலனை வேண்டுமானால் முப்பது நாளுக்குள் எழுதலாம். கூடவே என் ஒற்றைப் பீக்கின் படம். ஊருக்கு ஒரு நகலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள்.

நான் போன அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. விதைப்புக்கு முந்தின நாள் என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது. ஊர்க் கோயிலுக்கு முன்னால் பெரிய பாய் ஒன்றை விரித்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து, தன் வீட்டுச் சாமை விதையில் ஒரு படியைப் பாயில் கொட்டினார். ஒன்று சாம்பல் நிறம், ஒன்று கொஞ்சம் கறுப்பு, ஒன்று வைக்கோல் நிறம். எல்லாம் கொட்டி முடிந்ததும் நான்கு பெண்கள் உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கலந்தார்கள். மறுபடி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படியாக அளந்து கொடுத்தார்கள். குடுக்கையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் கையில் கவரோடு நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, இது எப்பவும் செய்யறதா?"

"பின்ன? வருசா வருசம். ஏன், கீழ உங்க ஊர்ல இல்லையா?"

"எதுக்குக்கா கலக்கறீங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், படித்தவன் கேட்கிற கேள்வியா இது என்று இருந்தது. "ஒரு வூட்டுது மழை கம்மியானாலும் தாங்கும். ஒரு வூட்டுது ஜாஸ்தி பெஞ்சாலும் சாயாது. ஒண்ணு முன்ன வெளையும், ஒண்ணு பின்ன வெளையும். காட்டுப்பன்னி வந்தாலும் அல்லாத்தையும் ஒரே நாள்ல தின்னுட்டுப் போவாதுல்ல? ஒண்ணு போனா ஒண்ணு நிக்கும். அதான் எங்க சாமை."

அதுதான் எங்க சாமை. ஐந்து பீக்கும் சேர்ந்துதான் அவர்கள் சாமை.

எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கும் வீட்டுக்கு ஒரு படி அரிசி வாங்கித்தான் பொங்கல் வைப்பார்கள். ரேஷன் அரிசி ஒரு வீடு, பொன்னி ஒரு வீடு, குருணை ஒரு வீடு. அந்தப் பொங்கலில் ஒரு பருக்கை குழைந்திருக்கும், ஒரு பருக்கை விறைத்திருக்கும். அரிசியில் அழுக்குச் சேர்ந்துவிட்டது என்று யாரும் சொன்னதில்லை. சின்ன வயதிலிருந்து அதைத் தின்று வளர்ந்தவன் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேராசிரியருக்குத் தெரியாமல் போனதற்கு நான் பொறுப்பல்ல. எனக்குத் தெரியாமல் போனதற்கு நான்தான் பொறுப்பு.

கடிதத்தைக் கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னேன். பிறகு போனைத் திறந்து இரண்டு படத்தையும் காட்டினேன். பதினைந்து நொடிப் படம், ஐந்து நொடிப் படம். மறைக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா போனைக் கிட்டே வைத்துப் பார்த்தார். ஒற்றைப் பீக்கின் மேல் விரல் வைத்தார்.

"இது பாக்கெட் விதை தானே? பாக்கெட் விதைய வாங்கிப் போட்ட வூடும் ரெண்டு மூணு கீது. அதுவும் கலந்துதான் இருக்கும். அது நெறைய இருந்துச்சி, அதனால நின்னுக்கிச்சி. மத்த நாலு வூட்டையும் நீ தூக்கிக் கடாசிட்ட. அப்படித்தானே?"

"ஆமாக்கா."

"இன்னாத்துக்கு?"

"கலப்படம்னு நினைச்சேன்க்கா. என் கை சுத்தமில்லன்னு சொன்னாங்க. சுத்தம்னு காட்டணும்னு..."

"உன் கை சுத்தம்னு காட்ட எங்க ஊர அழிச்சியா?" அவர் குரல் உயரவில்லை. பக்கத்தில் விதை அளந்துகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். "படிச்ச புள்ளைன்னு நம்பித்தானே குடுத்தேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா? எங்களுக்கு வாய் இல்லையா?"

அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. இறங்கும்போது, அந்தப் பாயிலிருந்து கலந்த விதையில் ஒரு பிடி கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன். யோசித்துவிட்டுக் கொடுத்தார். "இந்த வாட்டியாவது பாத்துச் சொல்லு."

திரும்பி வந்து இருபத்து நான்கு விதையைத் தனித்தனியாக முளைக்கவைத்தேன். ஒரு நாற்றுக்கு ஒரு குழாய், சேர்த்து அரைக்கவில்லை. மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டதை எல்லாம் இந்த முறை ஒழுங்காகச் செய்தேன், நொடியை மட்டும் பதினைந்துக்கே கொண்டுவந்தேன். எந்த உயரத்துக்குக் கீழே இரைச்சல் என்பதை, நான் விரும்பின இடத்தில் வைக்காமல், டி.என்.ஏ. இல்லாத வெறும் தண்ணீரை ஓட்டிப் பார்த்து வைத்தேன்.

ஒவ்வொரு விதையும் ஒரே ஒரு பீக் கொடுத்தது. சுத்தமாக, நேராக. ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் நிற்கவில்லை. ஐந்து இடங்களில் நின்றன, முதல் நாள் பார்த்த அதே ஐந்து இடங்களில்.

படங்களை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனேன்.

"சார், அது கன்டாமினேஷன் இல்ல. அந்த ஊர் விதையே கலவை. கலந்துதான் விதைக்கிறாங்க."

அவர் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நல்ல பேராசிரியர்தான், புரிந்துகொள்ள ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "படிவத்துல 'சொந்த விதை'ன்னு இருக்கே. யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"அப்புறம் என்ன? நீ கொண்டுவந்த தகவல வெச்சுதான் ரிப்போர்ட் போச்சு."

"தப்பு சார். நான் கேக்காம எழுதினேன். ஆனா பாக்கெட் சாமை அன்னைக்கே ஒரே பீக் வந்துச்சு சார். அதே கை. என் கைதான் காரணம்னா அதுலயும் வந்திருக்கணும்ல? நாம யாரும் அதக் கேக்கல."

அவர் பேனாவை மூடினார். நாம என்ற வார்த்தை அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

"இப்ப என்ன பண்ணணும்ங்கிற?"

"ரிப்போர்ட்ட மாத்தி அனுப்பணும் சார். மறுபரிசீலனைக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு. பதிவு ஆபீஸுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். கலவைன்னா கலவைன்னே எழுதிக் குடுங்க, அதுக்கும் இடம் இருக்குன்னாங்க."

"ஆபீஸுக்கு நீயே போன் பண்ணிட்டியா?"

அன்று அதோடு முடிந்தது. நான்கு நாள் அந்தப் பேச்சே இல்லை. ஐந்தாவது நாள் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். புதிய அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது என்று நன்றாகவே எழுதியிருந்தது. இருபத்து நான்கு விதை, ஐந்து வகை எல்லாம் இருந்தது. கடைசிக்கு முந்தின வரியில் இப்படி இருந்தது: முதல் அறிக்கைக்கான மாதிரிகளைக் கையாள்வதில் ஆய்வக உதவியாளரின் கவனக்குறைவால் பிழை நேர்ந்தது. அதன் கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

"சார், கையாண்டதுல பிழை இல்ல. கண்டிஷன மாத்தினதுலதான் பிழை. அது நான் மட்டும் பண்ணல. அந்த ஒத்தப் பீக்க நீங்களும் பாத்தீங்க, சீனியர் சாரும் பாத்தாரு."

"கண்டிஷன் தப்புன்னு எழுதினா, இந்த லேப்லேர்ந்து இதுக்கு முன்ன போன எல்லா ரிப்போர்ட்டையும் கேப்பாங்க. சின்னப் பையன், கை தவறிட்டான்னா யாரும் கேக்க மாட்டாங்க. இத வேணும்னா போடு. வேணாம்னா ரிப்போர்ட் போகாது. உன் இஷ்டம்."

மிரட்டுகிற தொனியே இல்லை. உதவி செய்கிற தொனி. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு ஆய்வகத்தின் பழக்கத்தை மறைக்க ஒரு கை தேவைப்பட்டது. எந்தக் கை அதற்குப் பொருந்தும் என்று அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சத்துணவு வரிசையில் நின்ற அன்றிலிருந்து அந்தக் கை தயாராகத்தான் இருந்தது.

தாளை வாங்கிக்கொண்டு சிங்க் பக்கம் போய் நின்றேன். சீனியர் வந்தார். "போட்டுடு. ஊருக்காவது கெடைக்கட்டும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "ஐடியா குடுத்தது நான்தான். எம் பேரையும் சேத்து எழுதுன்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்லடா" என்றார். அந்த ஒரு உண்மைக்காக அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இல்லை என்று சொல்வதும் பொய். கோபம் கம்மி.

கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தாள் இப்போதும் ஏதோ ஒரு கோப்பில் இருக்கும். அடுத்த புராஜெக்ட்டுக்கு ஆள் எடுத்தபோது என்னைக் கூப்பிடவில்லை. காரணம் கேட்டேன். ரெக்கார்டில் ஒரு குறிப்பு இருக்கிறது என்றார்கள். என் கை தவறவில்லை. அதை அந்தத் தாளில் எழுத முடியவில்லை என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

புதிய அறிக்கையோடு புதிய படிவமும் வேண்டும் என்று ஆபீசில் சொன்னார்கள். கெடுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது மறுபடி மலை ஏறினேன். இந்த முறை ஜீப்காரரிடம், நீங்கள் போய்க்கொள்ளுங்கள், நான் நடந்து வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அக்கா காட்டில் இருந்தார். சாமை நான்கு விரல் முளைத்திருந்தது. மகளிர் குழுவில் இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டு வரப்பில் உட்கார்ந்தார். இருபத்து நான்கு விதையின் படத்தையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இதுல எங்க வூடு எது?"

"தெரியாதுக்கா. கலந்த பிறகு எடுத்தது. அடுத்த வருசம் கொட்டறதுக்கு முன்னயே வூட்டுக்கு வூடு தனியா எடுத்தா சொல்லலாம்."

"அடுத்த வருசம் நீ இருப்பியா அங்க?"

"தெரியாது."

நான் படிவத்தைத் தொடையில் வைத்துக் கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். விதையின் மூலம். "நீங்க சொல்லுங்கக்கா, அப்படியே எழுதறேன்."

அவர் மேற்கிலிருந்து ஒவ்வொரு வீடாகச் சொன்னார். நாவல் மரத்து வீடு. ஓடை வீடு. புதுசாய்க் கல்யாணம் ஆனவன் வீடு. மற்ற மூவரும் நடுவில் திருத்தினார்கள். அந்த வீட்டுது போன வருசமே தீர்ந்துபோய் இந்த வீட்டில் வாங்கினதுதான், ரெண்டும் ஒண்ணு என்றார் ஒருவர். இல்லை, தனித்தனியாகத்தான் கொட்டினார்கள், தனித்தனியாக எழுது என்றார் அக்கா. கட்டத்தில் இடம் போதவில்லை. பின்பக்கம் திருப்பி எழுதினேன்.

கடைசியில் ஒருவர் சொன்னார், "கீழ் வூட்டு அம்மாவ எழுதாத. அவங்க இந்த வருசம் எதுவும் கொட்டல. விதையே இல்ல. சும்மாதான் அளந்து வாங்கினு போனாங்க."

நான் பேனாவை நிறுத்தி அக்காவைப் பார்த்தேன்.

"வாங்கினாங்கல்ல?" என்றார் அக்கா. "அப்ப அதுவும் எங்க சாமை தான். எழுது."

எழுதினேன். எழுதி முடித்ததும் படிவத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு வீட்டின் மேலும் விரல் வைத்து, சத்தமாகச் சொல்லிப் பார்த்து, ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று தெரிந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.